பிற்பகல்

சங்கத்தில் நான் பொறுப்பேற்றது கொள்கைக்காக அல்ல.
செவ்வாய்ப்பேட்டைக் கூட்டத்தில்
அடுத்த பொருளாளர் யார் என்று கேட்டபோது
எல்லாரும் டீ கிளாஸைப் பார்த்தார்கள்.
நான் மட்டும் நிமிர்ந்திருந்தேன்,
தலைக்கு நேரே ஒரு மின்விசிறி
கழன்றுவிடுவது போல ஆடிக்கொண்டிருந்ததால்.
அவ்வளவுதான்.
ரசீதுப் புத்தகமும் எண்ணூற்றுப் பத்து ரூபாயும்
ஒரு மஞ்சள் பையில் என்னிடம் வந்தன.

நூலகருக்கு ஞாயிறு வெள்ளிக்கிழமையில் வரும்.
அது எனக்கு வருவது நின்றது.
ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி இறங்கி
அஸ்தம்பட்டியில் பஸ் மாறி
யாருக்கோ வராத பஞ்சப்படிக்காக
ஏதோ ஒரு மேசையின் முன் நிற்பேன்.
கணவர் கேட்டார், "இதுல உனக்கு என்ன வருது?"
"குமட்டல்," என்றேன்,
"எட்டாவது வளைவுல."

அதற்கு முன் பதினோரு வருடம்
நாகலூரில் ஊர்ப்புற நூலகர்.
அந்தப் பெயரிலேயே
நாங்கள் கொஞ்சம் வெளியேதான் நிற்கிறோம்.
தொகுப்பூதியம். ஒரு பீரோ.
மழைக்காலத்தில் பீரோவுக்கு ஒரு குடை.
பிறகு ஒரு ஜூலையில் மூன்றாம் நிலை.
சேலத்தில் இரவு தங்கி
ஆணையைப் பையில் வைத்துக்கொண்டு
முதல் பஸ்ஸில் மலையேறினேன்.
பதினான்காம் வளைவில்
ஒரு சில்வர் ஓக் சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது.
அதை அறுத்து முடிக்கப் பன்னிரண்டரை.
கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் எழுதினேன்:
பி.ப.

இந்த மார்ச்சில் முதுநிலைப் பட்டியல் வந்தது.
சரிபார்க்கச் சொல்லிச் சங்கத்துக்கு ஒரு நகல்.
சங்கம் என்றால்
இரவு ஒன்பது மணிக்கு
என் சமையலறை மேசை.
இரண்டாம் நிலைக்கு ஒரே இடம், ஆத்தூரில்.
பதினேழாவது பெயர் நான்.
பதினெட்டு மாசிலாமணி, தாரமங்கலம்.
பதினேழு வரைக்கும் இந்த வருடம் எட்டும் என்றார்கள்.

சேர்ந்த தேதி இருவருக்கும் ஒன்று.
அவர் மு.ப.
சமவெளியில் மரங்கள் விழுந்திருக்கவில்லை.

தட்டச்சு செய்தவர் அந்த எழுத்தை விட்டுவிட்டார்.
வேறு யாருக்கும் தெரியாது.
மாசிலாமணிக்கே தெரியாது,
அவர் இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை,
கூட்டத்துக்கு வந்தால் பின்வரிசையில் தூங்குவார்.
நான்கு நாள் அந்தத் தாளை
வரவுப் பதிவேட்டுக்குள் வைத்திருந்தேன்.
கூடுதலாக வரும் பணத்தைக் கணக்கிட்டேன்.
மகளின் விடுதிக் கட்டணத்துக்கு
நாற்பது ரூபாய் மிச்சம் காட்டியது.

ஐந்தாம் நாள்
அலமாரியில் தவறிய புத்தகம் ஒன்றைத் தேடினேன்.
கோழி வளர்ப்புக்குப் போக வேண்டியது
பக்தி வரிசையில் இருந்தது.
இடம் மாறி வைத்த புத்தகம்
தொலைந்த புத்தகம் என்று
நானே பலரிடம் சிடுசிடுத்திருக்கிறேன்.

சங்கத்தின் தாளில் எழுதினேன்.
ஆட்சேபம்: வரிசை எண் பதினேழு குறித்து.
ஆட்சேபிப்பவர்: வரிசை எண் பதினேழு.
அலுவலகத்தில் எழுத்தர் இரண்டு தடவை படித்தார்.
"மேடம், உங்க மேல நீங்களே மனு போடறீங்களா?"
"பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்து வேணும்," என்றேன்.
குரல் நன்றாக வந்தது.
வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தபோதுதான்
கிளாஸ் பல்லில் தட்டியது.

பெருமையாக இல்லை. இப்போதும் இல்லை.
சில இரவுகளில் அந்த மரத்தைத் திட்டுகிறேன்.

இன்று எஸ்டேட் பையன் வில்சன்
மிளகு வாசத்தோடு ஒரு புத்தகத்தைத் திருப்பினான்,
பனி அவனோடு கதவுக்குள் வந்தது.
"ஏழு மணி ஆயிடுச்சு, லேட்டாக்கா?"
தேதி முத்திரையில் மு.ப., பி.ப. கிடையாது.
எப்போது கொடுத்தாலும் அந்த நாள் அந்த நாள்தான்.
குத்தினேன்.

அப்போது போன் அடித்தது.
மாசிலாமணி.
நாளை ஆத்தூரில் சேர்கிறாராம்.
என்ன சொல்வது என்று
அவருக்கும் தெரியவில்லை.
"பத்து மணிக்குள்ள போயிடுங்க," என்றேன்.
பிறகு ரசீதுப் புத்தகத்தை இழுத்து
"ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு."