மீதி ஒரு சதுர அடி

பதினோராம் மாடிக்குக் கண்ணாடி லிப்ட் ஏறும்போது
கிருபாகரன் கண்களை மூடிக்கொண்டார்.
பயமில்லை. ருசி.
பதினாறு வயதில் உர மூட்டை சுமந்து
ஏழாம் நம்பர் மலை ஏறிய முழங்கால்கள்
சும்மா நிற்க,
கண்டி நகரம் தானாகக் கீழே இறங்கிப் போயிற்று.

நிஸ்தார் நானா பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்:
இது மாஸ்டர் பெட்ரூம், இது பேன்ட்ரி,
இது உடுப்புக் காயப்போட, இது சப்பாத்து வைக்க.
"பெரஹரா காலத்தில பல்கனியை
வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டா
மெயின்டனன்ஸ் காசு அதிலேயே வந்திடும், டீச்சர்."
கண்ணாடிக்கு அப்பால் வாவி
பீரிசில் ஊற்றிய தேத்தண்ணீர் போல் ஆடாமல் கிடந்தது.
யன்னலைத் திறக்கப் பார்த்தேன்.
திறக்கிற யன்னல் இல்லையாம் அது.

எண்ணூற்று நாற்பது சதுர அடி.
கணக்கு டீச்சர் நான், மனதுக்குள் வகுத்தேன்:
ஆளுக்கு நானூற்று இருபது.
நான் வளர்ந்த காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு.
ஏழு பேர்.
ஆளுக்குப் பதினேழு, மீதி ஒன்று.
அந்த ஒரு சதுர அடியில்தான் விளக்கு இருந்தது.
அதன் பக்கத்தில் படுக்கும் முறை
வாரத்தில் ஒரு நாள் என்னுடையது.

டயர் கடை விற்ற அதே காசுக்கு
அம்பிட்டியவில் பதினாறு பேர்ச்சஸ், ஓட்டு வீடு.
நாற்பத்து மூன்று படிகள்.
பின்சுவரில் ஈரம், ஆள் உயரத்துக்கு.
அணைசுவரில் ஒரு வெடிப்பு;
விரலை விட்டேன், இரண்டாம் கணு வரை போயிற்று.
"பூசலாம்" என்றார் நானா, என்னைப் பார்க்காமல்.

இருபத்தொன்பதாவது படியில்
கிருபாகரன் உட்கார்ந்துவிட்டார்.
"நீ போய்ப் பார். நான் இங்கேயிருந்தே பார்க்கிறேன்."
அங்கேயிருந்து தெரிவது ஒரு கொய்யா மரம்,
பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி,
இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நகரம்.

கடைசியில் ஓர் அறை.
"இது எதுக்கு?" என்றேன்.
முதல் தடவையாக நானாவுக்குப் பெயர் வரவில்லை.
"இது… சும்மா இருக்குது, டீச்சர்."

சும்மா.
ஐம்பத்து மூன்று வயதில்
ஒரு கதவை என் பக்கமிருந்து சாத்தினேன்.
ஹொஸ்டலில் பன்னிரண்டு கட்டில், பிறகு மாமியார் வீடு,
பிறகு ஹட்டனில் கடைக்கு மேலே
ரப்பர் மணக்கும் ஒன்றரை அறை.
தனியாக இருமினால் எப்படிக் கேட்கும் என்றே
எனக்குத் தெரியாது.
இருமிப் பார்த்தேன்.
பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றை
மெதுவாகச் சொன்னேன்.
என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை.

"ஆ?" என்றது
இருபத்தொன்பதாவது படி.

சிரித்துவிட்டேன்.
இருபத்தாறு வருஷம் காற்றடிக்கும் மெஷின் இரைச்சலில்
என் குரலைப் பிரித்தெடுத்த காது அது.
எத்தனை சதுர அடி வாங்கினாலும் வந்துவிடும்.

அன்றிரவு சண்டை.
"ஏறினது போதும்" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.
பொதுப் பகுதியெண் இல்லாத பின்னங்கள் கிடையாது என்று
பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்
விடியும்வரை தேடினேன்,
அவர் முழங்காலுக்கும் என் கதவுக்கும்.

எஞ்சினியர் சொன்ன தொகையை விலையில் குறைத்து
அணைசுவரைக் கட்டி முடித்தபின்,
வர்ணத்துக்கு முன்னால்,
அம்பிட்டிய வீட்டில் நடந்த வேலை
இருபத்தொன்பதாவது படியில் ஒரு சீமெந்து வாங்கு.

மாலையில் அதில் இருந்துகொண்டு
கொய்யாவுக்கும் தாங்கிக்கும் நடுவில்
விரலால் மாடி எண்ணுகிறார்.
எட்டு. ஒன்பது. பத்து.
பதினொன்றில் யாரோ விளக்குப் போட்டிருக்கிறார்கள்.
"நம்ம லிப்ட்" என்கிறார்,
யாருக்கும் சொல்லாத குரலில்,
"இப்ப மேல போகுது."

சாத்திய கதவுக்குள்ளிருந்து
"ம்" என்கிறேன்.