நான்காவது கம்பு

மழைக்கு ஒதுங்கினால் போதும்,
செபமாலை சலூனில் அந்த ஆட்டம்
மறுபடி தொடங்கிவிடும்.
நோர்வூட் பஸ் வருவதற்குள்
எப்படியும் மூன்றாவது கம்புவரை ஓடிவிடுவார்கள்.

மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் சித்திரை எல்லே.
பெரட்டுக்களத்துக்குக் கீழே சரிந்த மைதானம்.
கை நழுவிய பந்து
பிள்ளைமடுவத்து வாசலில் போய்த்தான் நிற்கும்.
ஓடுகிறவன் மேல் பட்டால் அவன் போச்சு.
இரு பக்கமும் சரிக்குச் சரி,
கடைசி ஆளாக மூங்கிலோடு சன்னாசி.
இதுவரை எல்லாருக்கும் ஒரே பேச்சு.
இதற்கு மேல் பனிமூட்டம்.

அந்தோனிமுத்து, பாதி முகம் நுரையோடு:
"மூங்கில் பிளந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.
பந்து ஸ்டோர் தகரத்தத் தாண்டிப் போனத
என் கண்ணால பார்த்தேன்."
"அந்தப் பனியில எப்படிப் பார்த்த?"
"அண்ணாந்து பார்த்தேன்."

மகனுக்கு முடி வெட்ட வந்த தெய்வானை
குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொல்கிறாள்:
"பந்து முதுகுல பட்டுச்சு. தொப்புன்னு,
ஈரத் துணியக் கல்லுல அடிச்ச மாதிரி.
ராத்திரி எண்ணெய் தேய்ச்சது எங்க அக்கா.
உள்ளங்கை அகலத்துக்குக் கன்னிப்போயிருந்துச்சாம்."
"அது தவறணப் படியில விழுந்தது."
"படிக்கு உருண்டையாவா கன்னும்?"

விசில் வைத்திருந்த ரத்நாயக்க மாத்தையா
வெலிமடைக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.
ஊதினார் என்கிறார்கள்.
எதற்கு ஊதினார் என்பதில்தான் இரண்டு கட்சி.
பந்தயச் சேவலை
இரண்டு கணக்கும் ஒரே சட்டியில் சமைத்தார்கள்.
கால் துண்டு யாருக்குப் போனது என்பது
தனி வழக்கு.

செபமாலைக்கு இதெல்லாம் பெரிய ஆட்டமே இல்லை.
கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச்
செல்லையாவின் பிடியை எடுப்பான்:
இடது கையில் அவிழும் சாரம்,
வலது கையில் பந்து.
"சாரத்த விட்டிருந்தா ரெண்டு கையாலயும்
லேசாப் பிடிச்சிருப்பான்.
ஆனா அத இன்னைக்கி யாரு பேசுவா?"
தெய்வானை சொல்கிறாள்,
"விட்டிருந்தா இன்னும் அதிகமாப் பேசியிருப்போம்."
நுரை சிந்தச் சிரிக்கிறான் அந்தோனிமுத்து.
பையனின் ஒரு காதுப் பக்கம் மட்டும் முடி குறைந்திருக்கிறது.

போன தீபாவளிக்குத் தெஹிவளையிலிருந்து
சன்னாசியே வந்தான்.
நாற்காலியில் உட்காரவைத்துத்
துணியைக் கழுத்தில் கட்டிவிட்டுக் கேட்டார்கள்.
தப்பிக்க வழியில்லை.
"கம்பு எங்கேன்னே தெரியல.
கைய நீட்டிக்கிட்டே ஓடினேன்.
ஒரு ஆள் தட்டுப்பட்டுச்சு. கம்புதான்னு நெனச்சு
பிடிச்சிக்கிட்டு நின்னுட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
"நீதானே அங்க நின்ன,
செவப்பு ஸ்வெட்டரோட."

அந்தச் சித்திரைக்கு நான் ஊரிலேயே இல்லை.
கொழும்பு கெய்சர் வீதியில்
முதலாளி லீவு தராத இரும்புக்கடையில்
ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.
சேவலின் கழுத்துகூட எனக்குக் கிடைக்கவில்லை.
அன்று இதைச் சொன்னேன்.
பொங்கலுக்கும் சொன்னேன்.
"பயத்துல மறந்துட்டான்" என்றார்கள்.
தெய்வானைகூட என் பக்கம் வரவில்லை,
நான் வாயைப் பிளந்து நின்றதாக
அவளுக்கு நல்ல ஞாபகம்.

இப்போது மழை வலுக்கிறது.
பஸ் வந்து, ஹார்ன் அடித்து, போய்விட்டது.
"சொல்லுடா, கம்பத் தொட்டானா
உன்னத் தொட்டானா?"
கை தானாக இடது தோளைத் தடவுகிறது.
குளிர்ந்த விரல்கள் ஐந்தும் இருக்கின்றன,
காதருகே ஒருவன் இரைக்கிற மூச்சு,
எங்கோ பந்தைத் தேடும் கால்கள்.

என்னைத்தான், என்கிறேன்.
ஆனால் ஸ்வெட்டர் சிவப்பு இல்லை.
பச்சை.