பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

மேலப்பாளையம் டயர் கடை மாடியில்
ஞாயிறு மட்டும் நாங்கள் மூன்று பேர்.
கிதார் நான். பாளையங்கோட்டைக் கோயில் பாடற்குழுவில்
மூன்று கார்டுக்கு மேல் யாரும் கேட்காததால்
ஸ்பெயின்காரன் பக்கம் ஒதுங்கியவன்.
பாடுவது மாசானம், பாபநாசம் வண்டிக் கண்டக்டர்.
குடம், சிவனணைந்தபெருமாள்.
அணைஞ்சான் என்று சுருக்கிவிட்டோம்.
கொடை மாதத்தில் ஆள் கிடைக்க மாட்டான்,
வில்லோடு போய்விடுவான்.

சொலேயாவுக்குப் பன்னிரண்டு அடி.
மூணு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டில் அழுத்தம்.
இந்தக் கணக்குக்குக் கொம்பாஸ்னு பேரு என்றேன்.
"வட்டம் போடுத காம்பஸாவே?"
"ஆமா. ஊசி குத்துத இடம் மட்டும் அஞ்சு."

அணைஞ்சான் கமுகம்பாளை மட்டையால்
குடத்தின் வாயை மெல்ல அறைந்து பார்த்தான்.
"நொண்டி நடக்குத மாதிரி இருக்கு.
ஆனா விழ மாட்டேங்கு."

வார்த்தை மாசானத்துடையது.
டிக்கெட் கட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தான்:

    ஆத்துத் தண்ணி போகுது
    அதுக்குத் தெரியும் கடல் எங்கன்னு
    நீ எறங்குன ஸ்டாப்பு மட்டும்
    எனக்குத் தெரியல

அதையே தாங்கோஸில் போட்டோம். நாலு அடி.
கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறவன் போல
அந்த வரி குலுங்கிக்கொண்டு போனது.
துக்கம் எங்கே சிந்தியது, யாரும் பார்க்கவில்லை.
புலேரியாவில் போட்டோம்.
அதே பன்னிரண்டு, தலைதெறிக்க.
எண்ணத் தொடங்குவதே பன்னிரண்டில்தான் என்றதும்
மாசானம் சிரித்தான்:
"கடைசி ஸ்டாப்புல ஏறணுமாக்கும்?"

திரும்பவும் சொலேயா.
அவன் 'ஸ்டாப்பு' என்கிற இடத்தில்
குரலை இழுத்துக்கொண்டு நின்றான்.
என் எண்ணிக்கை நிற்கவில்லை.
அடுத்த கார்டில் போய் இறங்கிப் பார்த்தால்
அங்கே நான் மட்டும்.
அணைஞ்சான் மட்டையை ஓங்கியபடி
அடிக்காமல், மாசானத்தின் கழுத்தையே பார்த்திருந்தான்.
"அண்ணாவி இழுத்தா நாங்க எண்ண மாட்டோம்வே.
தொண்ட எலும்பு எறங்கும் பாரு, அப்பப் போடு."

எத்தனையோ புத்தகம், வீடியோ.
ஒன்றிலும் தொண்டை எலும்பு இல்லை.

மறுபடி.
கீழே டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர்
தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.
எட்டு.
'எனக்குத் தெரியல' பாதியில்
பத்தில் அவன் குரல் கிழிந்தது.
பதினொன்று, பன்னிரண்டு கிதாருக்கு உள்ளது.
விரல் நரம்பின் மேல் இருந்தது. மீட்டவில்லை.
மட்டையும் இறங்கவில்லை.
யார் இறங்கியது என்று
மூன்று வருஷமாக நாங்கள் கேட்டதில்லை,
அன்றும் கேட்கவில்லை.
கம்ப்ரசர் எத்தனை அடி அடித்ததோ.

பிறகு அவன்
கண்ணைத் திறக்காமல்
தொடையில் இரண்டு தட்டு தட்டினான்,
வண்டியை எடுக்கச் சொல்லும் ரெட்டை விசில் மாதிரி.
எலும்பு இறங்கியது.
போட்டேன்.