டெவன் வளைவில் இடது பக்கம்

மூன்று மாதமாக
டெவன் வளைவில் மட்டும்
இடது பக்கம் ஊமையாகிறது என்றான் ரஜிந்தன்.
அந்த இடத்தில் ஏதோ இருக்கிறதென்று
எலுமிச்சம்பழம்கூடக் கட்டியிருந்தான்.
ஸ்பீக்கரை மாற்றியாயிற்று, வயரை மாற்றியாயிற்று,
விற்ற கண்டிக்காரனைத் திட்டியுமாயிற்று.

தலவாக்கலை மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஆம்பின் மூடியைக் கழற்றினேன்.
தேயிலைத் தூசி. காய்ந்த ஒரு கரப்பான்.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு உருவி
பாட்டு ஓட ஓடத் தட்டிப் பார்த்தேன்.
கப்பாசிட்டர், இல்லை.
ரிலே, அதுவும் இல்லை.
செம்புக்கம்பி சுற்றிய வளையத்தை லேசாகத் தள்ளியதும்
பாதிச் சொல்லில் நின்றார் பாடகர்.
விட்டேன்,
மீதியைச் சொன்னார்.

ஆடுகிற பால்பல்லாய் ஒரு கால்.
பலகையைப் புரட்டினால்
ஈயத்தைச் சுற்றி மயிரிழை வட்டம்.
வளைவில் பேயில்லை தம்பி,
குழி.

பழைய ஈயத்தை உறிஞ்சிப் புதிதை உருக்கினேன்.
வளையம் அசையாதிருக்க அடியில் கொஞ்சம் பசை.

இரவு ஒன்பதுக்குப் போன்.
வளைவிலும் பாட்டு விடவில்லையாம்.
"ஆனா அக்கா,
பேஸ் விழுறப்பல்லாம் இப்ப
இடது கதவு கடகடங்குது."

அயன் இன்னும் ஆறவில்லை.
கதவுக்கு ஆள்
லிந்துலையில் இருக்கிறார் என்றேன்.