பதினொன்று

செவ்வாயன்று நிறுவியதும்
வெள்ளியன்று நிறுவியதும்
ஒரே அடுக்கில், ஒரே பச்சை விளக்கோடு.
ஆனால் வெள்ளிக்கிழமைக்காரன்
அன்றைக்கு எது புதுசோ அதையெல்லாம்
அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.
பேட்ச் பதினாலு.
மற்ற ஒன்பது பேரும் பதினொன்றில்.

அம்பாசமுத்திரம் கிளையில்
நகைக்கடன் ரசீதில்
ஆவுடையம்மாள் என்ற பெயர்
ஏழு வெறுங்கட்டங்களாக அச்சானது.
"இது யாரு?" என்று கேட்டாளாம் அவள்.

"புதுசுதானம்மா நல்லது?
அத ஏன் புடிச்சுக் கட்டுதீய?"
மேலாளர் சங்கரபாண்டிக்கு
நான் பதில் சொல்லவில்லை.

பாளையங்கோட்டை அறையில்
பதினெட்டு டிகிரியில் விறைத்தபடி
களஞ்சியத்தை நகலெடுத்தேன்,
மார்ச் ஒன்பது தேதியோடு.
அதற்குப் பின் உலகம் வெளியிட்டது எதுவும்
ஆற்றுப்பாலம் தாண்டி வராது,
நான் சொல்லும்வரை.
ஒரு கோப்பு, அதில் ஒரு வரி, அதில் ஓர் எண்.
வெள்ளிக்கிழமைக்காரனைத் துடைத்து
மறுபடி நிறுவினேன்.

மூன்று வாரம் நிம்மதி.
பிறகு, பதினொன்றில் ஓட்டை என்றது ஓர் அறிவிப்பு.
பதினைந்துதான் அடைக்குமாம்.

கட்டியவள்தானே அவிழ்க்கவும் வேண்டும்.
ஓரத்தில் ஒரு கிழட்டு மெஷின்,
பெயர் முப்பிடாதி.
எதையும் முதலில் அதற்குத்தான் கொடுப்பேன்.
பதினைந்தை ஏற்றி, எழுத்துருவைச் சரிசெய்து,
ஆவுடையம்மாள், ஆவுடையம்மாள் என்று
நாற்பது ரசீது அடித்தேன்.
முப்பத்தொன்பதில் வந்தாள்.
நாற்பதாவதில் தாள் சிக்கிவிட்டது.

நள்ளிரவில் அந்த எண்ணை மாற்றிவிட்டு
ஆட்டோவில் ஏறினால்
என் போன் கேட்கிறது:
இப்போதே புதுப்பிக்கவா?

பிறகு.