எழுநூறு மில்லி

செவ்வாய், வியாழன், சனி.
பக்கத்து வீட்டு தாட்சாயிணிக்கு
இவை மூன்றும் சாமி நாட்கள்.
எங்களுக்கு மிஷின் நாட்கள்.
காசிமேட்டு ஐஸ் வண்டிகள் தெருவை அடைப்பதற்குள்
ஆட்டோ பிடித்துவிட வேண்டும்.

வியாகப்பனுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்.
"சோத்துல இருக்கிற ஈரமும் அதுல சேத்திம்மா"
என்றாள் நர்ஸ்.
பழைய குவார்ட்டர் பாட்டில் ஒன்றைக் கழுவி
நாலு தரம் அளந்து வைக்கிறேன்.
"நாலு குவார்ட்டரா!" என்று
ஆஸ்பத்திரி போனதிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.
கணக்கில் இருபது மில்லி அதிகம் வரும்.
அதை நான் குடித்துவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் கன்டெய்னர் ஓட்டினார்.
எண்ணூர் ரோட்டில், ஜீரோ கேட் திறக்க
ஒரு பகல், ஓர் இரவு,
சில நேரம் மறு பகலும் வரிசை.
இறங்கினால் இடம் போய்விடும்.
அடக்கத் தெரிஞ்சவன்தான் டிரைவர் என்பார்.
முதுகு வலிக்கு ஒரு மாத்திரை,
அது அடங்காவிட்டால் இன்னொன்று.
சீட்டுக்குப் பின்னால் அஞ்சு லிட்டர் கேன்
நான் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வரும்.
குடித்தால் இறங்கணுமே.

தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் பாபம்மா சொன்னாள்:
"நெருஞ்சியப் போட்டுக் காய்ச்சிக் குடு.
அடைச்சிக்கினு கீற தண்ணி
ஏரி ஒடஞ்ச மாதிரி எறங்கும், பாரு."
அவளிடம் அன்று இருப்பு இல்லை.
மருதம்பட்டை மட்டும் பேப்பரில் மடித்துத் தந்தாள்,
நெஞ்சுக்கு.

பையை எடுத்துக்கொண்டு நானே போனேன்.
லாரிகள் நிற்கும் ரோட்டோரம்,
டயருக்கும் டயருக்கும் நடுவே,
டீசலும் உப்பங்காற்றும் தின்று
தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது.
மஞ்சள் பூ, சட்டைப் பொத்தான் அளவு.
கிளீனர் பையன் ஒருத்தன் கேட்டான்,
"இன்னாக்கா தொலைச்சிட்ட?"

முதல் காய் விரலில் ஏறியதும்தான் தெரிந்தது.
இந்த முள் எனக்குப் பழக்கம்.
சனிக்கிழமை தோறும் அவர் செருப்பைக் கவிழ்த்து
ஊக்கு முனையால் நெம்பி எடுத்து
சாக்கடையில் போட்டதெல்லாம் இதுதான்.
இருபத்திரண்டு வருஷம்
மருந்து தானாக வீடு தேடி வந்திருக்கிறது,
கேனில் தண்ணீர் தளும்பிய காலத்தில்.

சித்தா வார்டு டாக்டர் சின்னப் பெண்.
ஓர் இலையைத் தேய்த்து விரலைக் காட்டினாள்.
சாம்பல், அனல்மின் நிலையத்துடையது.
"கழுவிடுறேன் டாக்டர்."
"கழுவினாலும் வேணாம்.
இது நீர் அடைச்சவங்களுக்கு.
இவருக்கு அடைப்பு இல்லம்மா,
ஊத்தே வத்திடுச்சு.
பொட்டாசியம் ரத்தத்துல தங்கி ஏறிச்சுன்னா
நெஞ்சு அப்படியே நின்னுடும்."

எக்கோ ரிப்போர்ட்டைப் புரட்டினாள்.
இதயம் பெரிசாகியிருக்கிறதாம்.
"பெரிய மனசுன்னு ஊர்ல சொல்றதுதானே"
என்றார் வியாகப்பன்.
யாரும் சிரிக்கவில்லை.
பட்டைப் பொட்டலத்தைப் பார்த்தவள்
அதுவும் அவருக்கு வேண்டாம் என்றாள்.
பிறகு, என்ன தோன்றியதோ,
என் கையை இழுத்துப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.
"எத்தனை நாளா இந்தப் படபடப்பு?"
யாரும் கேட்டதில்லை.
எண்ணிச் சொல்லத் தெரியவில்லை.

மாத்திரை எழுதினாள். பட்டையை அதோடு கலக்காதே,
அடுத்த வாரம் வா, பார்க்கலாம் என்றாள்.
பொட்டலம் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்
பிரிக்காமல் இருக்கிறது.
நெருஞ்சியைத் தூக்கிப் போட மனசு வராமல்
பையோடு ஆணியில் மாட்டினேன்.

ராத்திரி தரையில் ரத்தப் பொட்டு.
கழிவறை வரை போய் வந்திருக்கிறார்,
போக ஒன்றுமில்லாவிட்டாலும் பழக்கம்.
உதிர்ந்த முள் குதிகாலில் முழுசாய் ஏறியிருக்கிறது.
அவருக்குத் தெரியவில்லை.
பாதம் மரத்து ஆறு மாசமாகிறது.

விளக்கைப் போட்டு, காலை மடியில் வைத்து
ஊக்கால் நெம்பினேன்.
வெளிச்சத்தில் வாங்கிப் பார்த்தார்.
"எங்கேர்ந்து வந்திச்சு இது?"
"ஜீரோ கேட் வரிசைலேர்ந்து. பகல்ல போனேன்."

உள்ளங்கையில் அதை உருட்டிக்கொண்டே
வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"நகந்துச்சா?"