பக்கம் இருநூற்றுப் பதினான்கு

வாசிப்புக் குழுவில் ஏழு பேர்.
அதில் எவர்ட் புத்தகத்தைத் திறந்ததே இல்லை,
ஏலக்காய் ரொட்டிக்காக வருகிறார்.
அவரும் கருத்துச் சொல்வார்.

நவம்பர். கோத்தன்பர்க்கில் நாலு மணிக்கே இருட்டு.
நூலகத்தின் பின்னறையில்
நனைந்த கோட்டுகள் நாற்காலி முதுகுகளில்,
ஆளில்லாமல் ஆள் உட்கார்ந்த மாதிரி.
குறிப்பெடுப்பது என் வேலை.

கதை இதுதான், வராதவர்களுக்காக:
பதினோராம் எண் டிராமின் கடைசி நடையை ஓட்டுகிறவன்
பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாய்.
சால்ட்ஹோல்மன் வரை போகிற ஒரே பயணி,
ஈவா, செத்து எட்டு வருடம்.
சீட்டு எங்கே என்கிறான்.
அவள் சிரிக்கிறாள்.
மீதி முந்நூற்றுத் தொண்ணூறு பக்கம்.

டூர்பியோர்ன் முதலில் கை தூக்கினார்.
முப்பத்தோரு வருடம் டிராம் பணிமனையில் இருந்தவர்.
"ஓநாய் இருந்துவிட்டுப் போகட்டும்.
ஓட்டுநர் எந்த ஊரில் சீட்டு கேட்கிறான்?
அது பரிசோதகர் வேலை.
நாலாம் அத்தியாயத்தில் வண்டி இடப்பக்கம் திரும்புகிறது.
அங்கே தண்டவாளமே கிடையாது."
சொல்லிவிட்டு மேசையில் விரலால்
தண்டவாளம் போட்டுக் காட்டினார்.

இல்வா பல் மருத்துவரின் உதவியாளர்.
கழுத்தைக் கடிக்கும் காட்சியில்
கோரைப்பல்லின் கோணம் தப்பு என்றாள்.
ஆனால் ஒரே இரவில் முடித்ததையும்
மறுநாள் காய்ச்சல் என்று விடுப்பு சொன்னதையும்
காது சிவக்க ஒப்புக்கொண்டாள்.

ஹெட்விக் அம்மையார் முன்னாள் பாதிரியார்.
"செத்தவளுக்கு ஆன்மா உண்டா,
மிருகத்துக்கு உண்டா,
நல்ல கேள்வி.
ஆசிரியர் அதைக் கட்டிலில் கிடத்தி
விளக்கை அணைத்துவிட்டார்."
அந்த அத்தியாயத்தை இரண்டு முறை படித்தாராம்,
சரிபார்ப்பதற்காக.

பெஹ்ரூஸுக்கு வேறு சந்தேகம்.
"ஓநாய்க்கு மயோர்னாவில் வீடு.
சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம்!
பால்கனி வேறு!
ஒன்பது வருடம் வரிசையில் நின்றவன் நான்.
பேயை நம்புகிறேன், ஐயா.
பால்கனியை நம்ப முடியவில்லை."

சிரிப்பு அடங்கும்வரை
காபிக் குடுவை ஒரு சுற்று வந்தது.

குன்வோர் அதுவரை பேசவில்லை.
கண்ணாடியைத் துடைத்தாள், மாட்டினாள்,
புத்தகத்தில் பஸ் அட்டை செருகிய இடத்தைப் பிரித்தாள்.

"இருநூற்றுப் பதினான்கு.
முதல் தடவை அவள் கையைத் தொடுகிறான்.
பனிக்கட்டிபோல் சில்லென்றிருந்தது என்று போட்டிருக்கிறது.
அப்படி இருக்காது.
சிக்ஸ்டன் போனது விடியற்காலை.
கையை விடாமல் பிடித்திருந்தேன்.
ஆள் வரும்வரை சூடாகத்தான் இருந்தது,
அது என் சூடா அவர் சூடா, தெரியவில்லை.
பிறகு காபி போட எழுந்து போனேன்.
திரும்பி வந்து தொட்டால்
பனிக்கட்டி இல்லை.
மேசை எவ்வளவு சில்லென்று இருக்குமோ அவ்வளவு.
அறை எவ்வளவோ
அவ்வளவு."

யாரும் ரொட்டியைத் தொடவில்லை. எவர்ட்கூட.
வெளியே ஒரு டிராம் வளைவில் கிரீச்சிட்டுப் போயிற்று.
டூர்பியோர்ன் பழக்கத்தில் எண்ணைச் சொல்ல வாயெடுத்து
சொல்லாமல் விட்டார்.

மதிப்பெண் போட வேண்டும், அது விதி.
டூர்பியோர்ன் இரண்டு. இல்வா ஐந்து.
ஹெட்விக் மூன்று, "நடையில் அவசரம்".
பெஹ்ரூஸ் நான்கு, பால்கனிக்கு ஒன்று கழித்து.
குன்வோர் ஒன்று என்றாள்.
கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"இரண்டாம் பாகம் எப்போது வரும்?"

எல்லாரும் போனபின் நாற்காலிகளை அடுக்கினேன்.
நூலகப் பிரதியில் கிறுக்கக் கூடாது,
அந்த அறிவிப்பை எழுதி ஒட்டியதே நான்தான்.
பென்சிலால் பனிக்கட்டியை அடித்தேன்.
ஓரத்தில், சின்ன எழுத்தில்: மேசை அளவு.

என் மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

கதவைப் பூட்டப் போகையில்
எவர்ட் திரும்பி வந்தார், குடையை மறந்துவிட்டாராம்.
குடை கையில்தான் இருந்தது.
"அந்தப் புத்தகம்," என்றார்,
"யாரும் எடுக்கவில்லையென்றால்..."
இரவல் முத்திரை குத்திக் கொடுத்தேன்.
மழைக்குள் அதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
பதினோராம் எண்ணுக்காக ஓடினார்.